டேங்க் சொல்றது முள்ளுக்குப் புரியணும்!

ஒரு சின்னக் கேள்வி. உங்க வண்டியில இப்போ எவ்வளவு பெட்ரோல் இருக்கு?

யோசிக்கிறீங்க இல்ல? நம்மாளுங்க இதுக்குன்னே சில டெக்னிக் வெச்சிருக்கோம். பைக்கை இடுப்பால முட்டுக் கொடுத்து இப்படியும் அப்படியும் ஆட்டி, 'களக் களக்'னு வர்ற சத்தத்தை வெச்சே "அரியலூர் வரைக்கும் தாங்கும் மச்சி"னு தீர்ப்பு சொல்ற ஞானிகள் ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் உண்டு. டேங்க் மூடியைத் திறந்து ஒத்தைக் கண்ணால உள்ளே எட்டிப் பார்க்கிறது இன்னொரு வழி. ஆர்.எக்ஸ் 100 வெச்சிருக்கிற புண்ணியவான்களுக்கு ரிசர்வ் திருகு இருக்கு. வண்டி இருமினா, ஓடற ஓட்டத்துலயே குனிஞ்சு அதைத் திருப்பினா போதும்.

கார்ல இந்த வேலை எதுவும் செல்லாது. ஆட்டிப் பார்க்க முடியாது, எட்டிப் பார்த்தாலும் வளைஞ்சு போற குழாய்தான் தெரியும். டேஷ்போர்டுல இருக்கிற முள்தான் கதி. ஸ்பீடாமீட்டரைக்கூட சந்தேகப்படுவோம். பெட்ரோல் முள் சொல்றதை மட்டும் மறுபேச்சு பேசாம நம்பிடுவோம். அந்த முள்ளைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பிசிக்ஸ் வரும், பயப்படாதீங்க. ப்ளஸ் டூவுல படிச்சதுதான்.

முள் இல்லாத காலம்

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். 1908-ல வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு டேஷ்போர்டுல பெட்ரோல் மீட்டர் கிடையாது. டேங்க் முன்சீட்டுக்கு அடியில இருக்கும். சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு அளவுகோல் குச்சியை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் நனைஞ்சிருக்குன்னு பார்க்கணும். நம்ம ஊர்ல கிணத்துல கயிறு விட்டுத் தண்ணி மட்டம் பார்க்கிற மாதிரி! ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல 1960-கள் தொடங்கின பிறகுதான் மீட்டர் வந்தது. அதுக்கு முன்னாடி அதுலயும் நம்ம பைக் மாதிரி ரிசர்வ் திருகுதான். 1957-ல வந்த குட்டி ஃபியட் 500-ல மீட்டரே இல்ல. பெட்ரோல் குறைஞ்சா ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

குச்சியில ஒரு நிம்மதி உண்டு. நனைஞ்சிருக்கா இல்லையாங்கிறதை நீங்களே கண்ணால பார்க்கறீங்க. முள் வந்த பிறகு, டேங்க்குக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு பேர் வந்து உட்கார்ந்துட்டாங்க. டேங்க்குள்ள இருந்து சேதி அனுப்புறவர் ஒருத்தர், டேஷ்போர்டுல அதைப் படிச்சுச் சொல்றவர் ஒருத்தர். அந்த ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசலைன்னா என்ன ஆகும்? அதை எங்க வீட்டுல பார்த்தோம்.

மாமா வண்டி

எங்க மாமாகிட்ட ஒரு அம்பாசடர் இருக்கு. மார்க் 2, 1974-ல பதிவான வண்டி. இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரைத்தான் கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரா செஞ்சாங்க. 1950-களோட கடைசியில ஆரம்பிச்ச தயாரிப்பு 2014 மே மாசம் நின்னுபோச்சு. ஆனா பெரம்பலூர் பக்கத்துல எங்க கிராமத்துல அது நிக்கலை. கல்யாணம், காதுகுத்து, பிரசவம்னு ஊர்ல பாதிப் பேர் அந்த வண்டியில ஏறியிருக்காங்க. டிக்கியைத் திறந்தா இன்னிக்கும் சின்ன வெங்காய வாசனை அடிக்கும்.

"இன்னுமா அம்பாசடர்? வித்துட்டு ஒரு சின்ன கார் வாங்கலாமே"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. எங்க அத்தைக்கு கிட்னி ஃபெயிலியர். வாரத்துக்கு ரெண்டு நாள் திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செஞ்சுட்டு வரணும். விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் முதல் பேட்ச் கிடைக்கும். முடிச்சுட்டு வரும்போது அத்தையால உட்கார முடியாது. அம்பாசடரோட பின்சீட் கட்டில் மாதிரி. தலகாணி போட்டு, காலை மடக்கிப் படுத்துட்டே வந்துடுவாங்க. வேற எந்த வண்டியில ஏத்தினாலும் "நம்ம வண்டி மாதிரி வராது"ன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு மேல விலை பேச என்ன இருக்கு?

அந்த வண்டியோட பெட்ரோல் மீட்டர் செத்துப் பல வருஷம் ஆச்சு. மாமாவுக்கு அது தேவையும் படலை. என்னைக்கு நிரப்பினோம், எத்தனை தடவை திருச்சி போனோம், நடுவுல யாருக்காவது சவாரி போச்சா... எல்லாம் அவர் மண்டையில கணக்கா ஓடும். ஒரு தடவைகூட நடுரோட்டுல நின்னது கிடையாது.

அப்புறம் மாமாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் முடிஞ்சாலும், "ராத்திரி ஓட்டாதீங்க, எதிர்ல வர்ற லாரி வெளிச்சம் கூசும்"னு டாக்டர் சொல்லிட்டார். ஸ்டீயரிங் மாமா பொண்ணு கைக்கு வந்தது. காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு. லைசென்ஸ் இருக்கு, தைரியம் இருக்கு. மாமா மண்டைக்குள்ள இருக்கிற கணக்கு மட்டும் அவகிட்ட இல்ல. "அப்பா, எனக்கு ஒரு மீட்டர் போட்டுக் கொடுங்க, போதும்"னு கேட்டா.

ஒரு ஒர்க்‌ஷாப்புல புது மீட்டர் மாட்டினாங்க. பழசு கிடைக்கலை, கடையில கிடைச்ச பொது மாடல். டேங்க் நிரம்பியிருந்த சமயம். முள் முக்காலுக்குக் கொஞ்சம் மேல போய் நின்னது. "புதுசு இல்லையா, செட் ஆயிடும்"னு அனுப்பிட்டாங்க.

நாலு நாள் கழிச்சு முள் 'எஃப்'-க்குப் பக்கத்துல வந்திருந்தது. பொண்ணு, அப்பா பெட்ரோல் போட்டிருக்கார்னு நினைச்சா. அப்பா, பொண்ணு போட்டிருக்கான்னு நினைச்சார். யாரும் போடலை. ஓட ஓட முள் மேல ஏறிக்கிட்டே இருந்தது! அடுத்த டயாலிசிஸ் அன்னிக்கு, முள் 'எஃப்'-ஐயும் தாண்டி நிக்க, பாடாலூர் தாண்டி நாலுவழிச் சாலையில வண்டி ரெண்டு தடவை இருமிட்டு அடங்கிடுச்சு. இருட்டு. பக்கத்துல பறக்கிற லாரிங்க. பின்சீட்டுல அத்தை. நின்னுபோன வண்டிக்குப் பின்னாடி டார்ச் லைட்டை ஆட்டிக்கிட்டு அந்தப் பொண்ணு முக்கால் மணி நேரம் நின்னா. ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தி, பங்க்குக்குக் கூட்டிப் போய் உதவி செஞ்சார். அன்னிக்கு முதல் பேட்ச் போச்சு, மதியம்தான் பெட் கிடைச்சது.

மாமா எனக்கு போன் போட்டார். "மாப்ள, நீ ட்ரிபிள்-ஈ தானே படிக்கிற? பெட்ரோல் தீரத் தீர ஏறுற மீட்டரைப் பத்தி உங்க காலேஜ்ல ஏதாவது சொல்லிக் குடுத்தாங்களா?"

ஓம்... இது வேற ஓம்!

சொல்லிக் கொடுத்தாங்க. லேப்ல ரெக்கார்ட் நோட்டுக்காக செஞ்சதால அது மண்டையில ஏறலை, அவ்வளவுதான்.

மேட்டர் சிம்பிள். டேங்க்குள்ள ஒரு மிதவை இருக்கு. வீட்டு மேல தொட்டியில பந்து மிதக்குமே, அதே ஜாதி. மிதவைக்கு ஒரு கை. அந்தக் கையோட மறுமுனை, சுருளா சுத்தின மெல்லிய கம்பி மேல உரசிக்கிட்டே நகரும். பழைய ரேடியோவுல வால்யூம் திருகினீங்கன்னா உள்ளே நடக்கிறதும் இதுதான். பெட்ரோல் ஏறினா மிதவை ஏறும், மின்தடை மாறும். இதை மெக்கானிக்குங்க டேங்க் யூனிட்டுன்னு சொல்வாங்க.

டேஷ்போர்டுல இருக்கிற மீட்டருக்குப் பெட்ரோலைப் பத்தி எதுவுமே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மின்தடை மட்டும்தான். அதோட அளவு, 1827-ல தன் விதியை வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம் பேரால வழங்குற ஓம். கோயில்ல சொல்ற ஓம் இல்ல, ஆனா இதைச் சரியா உச்சரிக்கலைன்னாலும் வேண்டுதல் பலிக்காது.

சிக்கல் எங்கேன்னா, எத்தனை ஓம்னா காலி, எத்தனை ஓம்னா ஃபுல்லுங்கிறதுக்கு உலகத்துக்கே பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பாஷை வெச்சுக்கிட்டாங்க.

ஜெனரல் மோட்டார்ஸ் ரொம்ப காலமா வெச்சிருந்த கணக்கு: காலின்னா 0, ஃபுல்லுன்னா 90. பழைய ஃபோர்டு வண்டிகள் இதுக்கு நேர் எதிர்: காலின்னா சுமார் 73, ஃபுல்லுன்னா சுமார் 10. கடையில கிடைக்கிற பொது மாடல் மீட்டர்கள்ல நிறைய, ஸ்டூவர்ட் வார்னர் வழக்கப்படி 240-லருந்து 33. ஜெர்மன் வி.டி.ஓ மீட்டர்கள்ல பரவலா இருக்கிறது 10-லருந்து 180. பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் மீட்டர்கள்ல ரெண்டு தலைமுறை. பழைய காலத்து ரகத்துல காலின்னா கிட்டத்தட்ட பூஜ்யம், ஃபுல்லுன்னா எழுபது எண்பது ஓம். 1960-கள்ல பரவின அடுத்த ரகத்துல எல்லாம் தலைகீழ்: காலிக்குத் தடை அதிகம், ஃபுல்லுக்குக் குறைவு.

இப்போ மாமா வண்டிக்கு வாங்க. டேங்க் யூனிட்டோட ஒயரைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சேன். டேங்க் காலியா இருக்கும்போது 7 ஓம். நிரப்பின பிறகு 78 ஓம். அதாவது பழைய பிரிட்டிஷ் பாஷை: காலின்னா குறைவு, ஃபுல்லுன்னா அதிகம். புது மீட்டரோட முதுகுல பொடி எழுத்துல இருந்தது: 240-33.

கணக்குப் போட்டுப் பாருங்க. டேங்க் நிரம்பி 78 ஓம் அனுப்பினா, 240-33 மீட்டர் அதை 'முக்காலுக்குக் கொஞ்சம் மேல'ன்னு படிக்கும். பாதி டேங்க்குல சுமார் 42 ஓம் போகும். மீட்டர் 'கிட்டத்தட்ட ஃபுல்'னு சொல்லும். காலியாகி 7 ஓம் போனா, முள் 'எஃப்'-ஐயும் தாண்டி முட்டி நிக்கும். மூணும் அப்படியே நடந்திருக்கு! மீட்டர் கெட்டுப் போகலை, டேங்க் யூனிட்டும் கெட்டுப் போகலை. ரெண்டும் தனித்தனியா நூத்துக்கு நூறு. தமிழ்ல கேட்ட கேள்விக்கு ஒருத்தர் ஹிந்தியில பதில் சொன்ன கதைதான்.

விமானமே ஏமாந்த கதை

'கிராமத்து வண்டி, லோக்கல் மீட்டர், அதான் இப்படி'ன்னு நினைக்காதீங்க. 1983 ஜூலை 23. கனடாவுல ஏர் கனடா போயிங் 767 விமானம். அப்போ புத்தம்புது மாடல். அதோட எரிபொருள் மீட்டர்கள் வேலை செய்யலை. சரி, குச்சி விட்டு அளந்துக்கலாம்னு அளந்தாங்க. அந்தச் சமயத்துல கனடா பவுண்டு கணக்குலருந்து கிலோ கணக்குக்கு மாறிக்கிட்டிருந்தது. லிட்டரை எடையா மாத்துறப்போ, கிலோவுக்கான எண்ணுக்குப் பதிலா பவுண்டுக்கான எண்ணைப் பெருக்கிட்டாங்க. தேவைப்பட்டதுல பாதிகூட இல்லாத எரிபொருளோட விமானம் கிளம்பிடுச்சு. 41,000 அடி உயரத்துல ரெண்டு இன்ஜினும் அடுத்தடுத்து நின்னுபோச்சு.

அந்தக் கேப்டன் கிளைடர் ஓட்டிப் பழகினவர். அவ்வளவு பெரிய விமானத்தைக் காத்தாடி மாதிரி மிதக்கவிட்டு, கிம்லிங்கிற ஊர்ல ஒரு பழைய விமானப்படை ஓடுபாதையில இறக்கிட்டார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைச்சாங்க. அந்த விமானத்துக்கு 'கிம்லி கிளைடர்'னே பேர் வந்துடுச்சு.

அங்கேயும் குச்சி காட்டின அளவு சரிதான். அந்த எண் எந்தக் கணக்குல இருக்குன்னு ஒருத்தரும் பிடிச்சுக் கேக்கலை. பாடாலூர்ல நின்ன அம்பாசடருக்கும் மேனிடோபாவுல மிதந்த போயிங்குக்கும் நோய் ஒண்ணுதான்.

சரி, என்ன செய்யலாம்?

வீட்டுல தாத்தா வண்டி, அப்பா வண்டின்னு ஒரு பத்மினியோ, அம்பாசடரோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தூங்கிட்டிருந்தா இதைக் கவனமா படிங்க.

முதல் வேலை, மீட்டர் கடைக்குப் போகாதீங்க. மல்டிமீட்டரோட டேங்க்குக்குப் போங்க. டேங்க் யூனிட் ஒயரைக் கழட்டிட்டு, யூனிட்டோட முனைக்கும் பாடிக்கும் நடுவுல அளங்க. காலியில ஒரு எண், ஃபுல்லுல ஒரு எண். ரெண்டையும் எழுதி வெச்சுக்கோங்க. 'இந்த மாடலுக்கு இத்தனை ஓம்'னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஐம்பது வருஷத்துல அந்த டேங்க்குக்குள்ள யார் யார் என்னென்ன மாத்தினாங்களோ, யாருக்குத் தெரியும்?

அந்த ரெண்டு எண்ணோட கடைக்குப் போனா, முதல்ல பார்க்க வேண்டியது திசை. உங்க யூனிட்டும் மீட்டரும் ஒரே திசையில போகுதா? அப்படின்னா சின்ன வித்தியாசத்தை ரெசிஸ்டர் வெச்சு சரிக்கட்டலாம். உதாரணத்துக்கு, யூனிட் காலியில 250, ஃபுல்லுல 20 காட்டுது, மீட்டர் 240-33 ரகம்னு வெச்சுக்குவோம். ஒயர்ல தொடரா 13 ஓம் சேர்த்தா 263-33 ஆயிடும். அதுக்குக் குறுக்கே இணையா 2,700 ஓம் போட்டா கிட்டத்தட்ட 240-33. செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்வியா வர்ற சீரிஸ், பேரலல் கணக்கு இங்கே ஒரு காரை ஓட்டுது!

ஆனா திசையே எதிரா இருந்தா எந்த ரெசிஸ்டராலயும் அதைத் திருப்ப முடியாது. மாமா வண்டி அந்தக் கேஸ். அப்போ மூணு வழி. ஒண்ணு, மின்தடையைப் படிச்சு மாத்தி அனுப்புற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. வேலை செய்யும், செலவு அதிகம். ரெண்டு, புது மீட்டருக்கு ஜோடியான யூனிட்டை டேங்க்குல மாட்டுறது. டேங்க்கோட ஆழமும் ஸ்க்ரூ ஓட்டைகளும் பொருந்தணும். மூணாவது, யூனிட்டை அப்படியே விட்டுட்டு, அதோட பாஷை தெரிஞ்ச மீட்டரைத் தேடுறது. நாங்க மூணாவதுக்குப் போனோம். ரெண்டு ஞாயித்துக்கிழமை அலைஞ்சு, 0-90 ரக மீட்டர் ஒண்ணு சென்னை புதுப்பேட்டையில கிடைச்சது.

எர்த்துல ஒளிஞ்ச நாலு ஓம்

மாட்டினோம். திசை சரியாயிடுச்சு. ஆனா காலி டேங்க்குல முள் 'ஈ' கோட்டுல உட்காராம, கொஞ்சம் மேலயே நின்னது. 7 ஓம் அனுப்பினா அப்படித்தானே நிக்கும்.

அந்த 7 ஓம் எங்கிருந்து வருது? யூனிட்டோட உடம்புலருந்து வண்டியோட பாடிக்குத் தனியா ஒரு ஒயர் போட்டுப் பார்த்தேன். சட்டுனு 3 ஓம் ஆயிடுச்சு. மிச்ச நாலு ஓம், துருதான்! டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவுல ஐம்பது வருஷத் துரு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு, அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. எர்த் சரியில்லைன்னா தடை கூடும். 240-33 ரகத்துல தடை கூடினா முள் இறங்கும். அதாவது உண்மையைவிடக் குறைவா காட்டும், நீங்க சீக்கிரமே பங்க்குக்குப் போவீங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல. 0-90 ரகத்துல தடை கூடினா முள் ஏறும். இல்லாத பெட்ரோலை இருக்குன்னு சொல்லும். அதனால இந்த ரகம் மாட்டினவங்க, எர்த்துக்குத் தனி ஒயர் போடாம விடவே கூடாது.

ஃபுல் டேங்க்குல இப்போ 74 ஓம்தான் வருது. 90-க்கு வர வேண்டிய முள், முக்காலைக் கொஞ்சம் தாண்டி நின்னுடுது. "இதை 'எஃப்' வரைக்கும் கொண்டு வரலாமா?"ன்னு மாமா கேட்டார். சாதா ரெசிஸ்டர் தொடரா போட்டா கொண்டு வரலாம். ஆனா காலியிலயும் அதே அளவு ஏறிடும். மேல் முனையை அழகாக்கப் போய், கீழ் முனையில பொய் நுழைஞ்சுடும். வேண்டாம்னு விட்டுட்டோம். ஃபுல்லுல முள் அடக்கமா சொன்னா யாரும் நடுரோட்டுல நிக்கப் போறதில்ல.

கீழ் முனையில இன்னும் ஒரு படி போனோம். டேங்க் யூனிட்டை வெளிய எடுத்து, மிதவைக் கையை லேசா வளைச்சோம். டேங்க்குல நாலஞ்சு லிட்டர் மிச்சம் இருக்கும்போதே முள் 'ஈ'-யைத் தொடுற மாதிரி. பழைய மெக்கானிக்குங்க காலங்காலமா செய்யுற வேலைதான் இது.

டேங்க்கைத் திறக்கிற யாரா இருந்தாலும் பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான் தொடணும். பக்கத்துல சால்டரிங் கூடாது, செல்போனை நோண்டிக்கிட்டு நிக்கக் கூடாது, சிகரெட்டைப் பத்திச் சொல்லவே வேண்டாம். காலி டேங்க்குதானேன்னு அலட்சியம் வேண்டாம். பெட்ரோலைவிட அதோட ஆவிதான் சட்டுனு பத்திக்கும்.

திறந்ததுதான் திறந்தீங்க, மிதவையையும் பாருங்க. பித்தளை மிதவைன்னா காது பக்கத்துல வெச்சு ஆட்டுங்க. உள்ளே சத்தம் கேட்டா ஓட்டை விழுந்து பெட்ரோல் குடிச்சிருக்கு, அது இனி மிதக்காது. ரொம்பப் பழைய வண்டிகள்ல தக்கை மிதவை இருக்கும், அது மேல அரக்குப் பூச்சு. இந்தியா 2025-ல பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியாச்சு. அரக்கு எத்தனால்ல கரையுற சரக்கு! பெட்ரோல் போற ரப்பர் ஹோஸையும் அதே கையோட மாத்திடுறது நல்லது. அதை இதுக்காகச் செய்யலை.

இன்னொண்ணு, சில பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள்ல பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடியில எர்த் ஆகியிருக்கும். பார்க்காம எலக்ட்ரானிக் மீட்டரை மாட்டினா, முதல் சாவித் திருப்பலோட அதுக்குக் காரியம் முடிஞ்சிடும்.

தள்ளு... தள்ளு... தள்ளு!

மாட்டியாச்சு, வளைச்சாச்சு. முள் சொல்றது நிஜமான்னு எப்படி நம்புறது? பரீட்சை வெச்சோம். ஒரு ஞாயித்துக்கிழமை, பங்க்குக்குப் பக்கத்து ரோடுகள்லயே அம்பாசடரைச் சுத்தவிட்டோம். முன்சீட்டுல மாமா பொண்ணு, பக்கத்துல கிலோமீட்டரைக் குறிச்சுக்கிட்டு நான், பின்னாடி தள்ளுறதுக்குன்னே கூட்டிட்டு வந்த மூணு ஹாஸ்டல் தோழர்கள். முள் 'ஈ'-யைத் தொட்டது. எழுதிக்கிட்டோம். வண்டி ஓடிக்கிட்டே இருந்தது. பத்து, இருபது, முப்பது... 31 கிலோமீட்டர்ல இருமிட்டு நின்னது. கிட்டத்தட்ட பெரம்பலூர்லருந்து அரியலூர் போய்ச் சேர்ற தூரம்! மூணு பேரும் தள்ளிக்கிட்டே பங்க்குக்குள்ள கொண்டு வந்து விட்டாங்க.

(இந்தப் பரீட்சை கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும்தான். இப்போ வர்ற கார்கள்ல பம்ப் டேங்க்குக்குள்ளயே இருக்கும், பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கும். வேணும்னே காலியாக்கினா பம்ப் போயிடும்.)

பங்க்குல இன்னொரு கூத்து. "அண்ணே, அஞ்சு லிட்டர் போட்டு நிறுத்துங்க." முள் நிக்கிற வரைக்கும் காத்திருந்து குறிச்சுக்கிறது. "இன்னொரு அஞ்சு." திரும்பக் குறிச்சுக்கிறது. நாலாவது அஞ்சுல அந்த அண்ணன் கடுப்பாகி, "தம்பி, என்ன ஸ்பூன்ல சாப்பாடு ஊட்டுறீங்களா?"ன்னார். விஷயத்தைச் சொன்னோம். அதுக்கப்புறம் அவரே வந்து முள்ளைப் பார்த்துட்டு, "இப்ப கோட்டுக்கு மேல ஒரு முள் அகலம், எழுதிக்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

அப்பத்தான் தெரிஞ்சது, அரைன்னு முள் காட்டினா டேங்க்குல சரிபாதி இருக்கணும்னு அவசியம் இல்ல. டேங்க் நேர்ச்சதுரப் பெட்டி கிடையாது. மிதவையோட கையும் வட்டத்துல நகருது. முள் மேல் பாதியில சோம்பேறியா இறங்கும், கீழ் பாதியில வேகமா இறங்கும். மேட்டுல ஏறும்போது பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி முள் ஆடும். பச்சைமலைப் பக்கம் ஏறும்போது காட்டுறதை நம்பாதீங்க, சமதரையில நின்னு பாருங்க.

இதையெல்லாம் ஒரு அட்டையில எழுதினோம். முள் எங்கே நின்னா எத்தனை லிட்டர், அதுக்கு எத்தனை கிலோமீட்டர். எழுதும்போது மாமாவும் உட்கார்ந்தார். "திருச்சி போய் வர்றதுக்கு எவ்வளவு குடிக்கும், ஏசி வார்டு வாசல்ல நிழலுக்கு இன்ஜினை ஓடவிட்டா எவ்வளவு போகும், மழை நாள்ல எவ்வளவு"ன்னு ஒவ்வொண்ணா சொன்னார். பல வருஷமா அவர் மண்டைக்குள்ள மட்டும் இருந்த கணக்கு. அவருக்கு ஏதாவதுன்னா அவரோடயே போயிருக்கும். இப்போ சன் வைசருக்குப் பின்னால, அவர் பொண்ணு கையெழுத்துல இருக்கு.

வாரத்துக்கு ரெண்டு நாள் விடியக்காலை நாலு மணிக்கு அந்த வண்டி கிளம்புது. சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம், திருச்சி. அத்தை பின்சீட்டுல தூங்கிட்டே போறாங்க. மாமா வாசல்ல நின்னு "பெட்ரோல் பார்த்தியா?"ன்னு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். பழக்கதோஷம்!

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு, ரெண்டு பேர் தியேட்டர் போய் பாப்கார்னோட படம் பார்க்கிற காசுக்குள்ள கிடைக்கும். வாங்க முடியலைன்னா லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கிக்கோங்க. வீட்டுல ஒரு பழைய வண்டி சும்மா நிக்குதுன்னா, மீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி அதோட டேங்க் என்ன எண் சொல்லுதுன்னு கேட்டு எழுதுங்க. அந்த வண்டியை இத்தனை வருஷம் ஓட்டினவரையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. அவர்கிட்டயும் எழுதிக்க நிறைய எண்கள் இருக்கும்.